உண்மை கெடாமல்

மார்ச் 3

அன்புள்ள அண்ணா,

நீ நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்த சேதி கிடைத்தது. இருமல் குறைந்ததா? ரயிலில் ஜன்னல் ஓரம் உட்காராதே என்றேன், கேட்டிருக்க மாட்டாய். இங்கே அம்மா நலம். ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

தினமும் போன் பண்ண வேண்டாம் என்றதற்குக் கோபித்துக்கொள்ளாதே. "எப்படி இருக்கே" என்கிறாய், "இருக்கேன்" என்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அவர் போன பிறகு எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வருகிறவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்க்கிறார்கள், எப்போது உடையும் என்று. கால் மரத்துப்போன மாதிரி இருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. கடைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார் முதலாளி. வீட்டில் இருந்தால் அவருடைய செருப்பைத் துடைத்துத் துடைத்து வைக்கிறேன். அதற்குக் கடையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடி துடைக்கலாம் என்றேன்.

நேற்று தொழிற்சாலை ஃபோர்மேன் வந்து அவருடைய சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்தார். யாரோ நன்றாகக் கழுவி வைத்திருந்தார்கள். நடந்ததை அப்போதுதான் முழுசாகக் கேட்டேன். பழ டப்பாக்களை நீராவியில் வேகவைக்கும் அந்தப் பெரிய இயந்திரத்தை அங்கே எல்லோரும் 'பெரிய குக்கர்' என்பார்கள். ஷிஃப்ட் மாறும் நேரம். முந்தைய ஷிஃப்ட் ஆள் உள்ளேயிருந்த நீராவியை வெளியேற்றாமலே கிளம்பிவிட்டான். இவர் வந்து பார்த்துவிட்டு, "திறந்துதான் இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கதவின் பிடியைத் திருப்பினார். அழுத்தம் காட்டும் முள் ரொம்ப நாளாகப் பழுதாம், எப்போதும் பூஜ்யத்திலேயே நிற்குமாம்.

'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று நிர்வாகம் எழுதி விசாரணை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்க்கிற மனுஷன் அவர். அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆறுதல் சொல்லி எழுதாதே. உன் ஆபீஸைப் பற்றி எழுது. எனக்குச் சம்பந்தமே இல்லாத எதையாவது படிக்க வேண்டும் போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை


மார்ச் 12

என் வாலுக்கு, வீட்டின் கடைக்குட்டிக்கு, அன்புத் தங்கைக்கு,

இருமல் போய்விட்டது, அதன் இடத்தில் தும்மல் வந்திருக்கிறது. அம்மாவின் முழங்கால் எப்படி? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? பதில் எழுது, பொய் எழுதாதே.

ஆறுதல் வேண்டாம் என்றாய், விட்டேன். எங்கள் கலைச்சொல் அலுவலகத்தில் நான்கு மேஜை, ஒரு மின்விசிறி. காற்று தலைமைப் பதிப்பாசிரியருக்கு மட்டும்தான் வரும். மற்ற மூவரும் அதன் ஓசையை அனுபவிக்கிறோம். இப்போது தத்துவ அகராதி நடக்கிறது. என் தலையில் கட்டியிருப்பது மொழித் தத்துவம். இந்த வாரம் ஒரு லத்தீன் தொடர் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. சால்வா வெரிடாட்டே. 'உண்மை கெடாமல்' என்று தமிழில் வைத்திருக்கிறேன்.

விஷயம் சின்னதுதான். ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருக்கிறது என்று வை. ஒரு வாக்கியத்தில் ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் மற்றதைப் போடலாம். சொன்னது மெய்யாக இருந்தால் மாற்றிய பிறகும் மெய்யாகவே இருக்கும். 'அம்மாவின் மூத்த மகனுக்கு வழுக்கை' என்றாலும் 'உன் அண்ணனுக்கு வழுக்கை' என்றாலும் சேதாரம் ஒன்றுதான். ஆனால் சில வாக்கியங்களில் இந்த வித்தை பலிக்காதாம். எனக்கு அதற்கு ஓர் உதாரணம் வேண்டும். புத்தகங்களில் எல்லாம் நட்சத்திரமும் பழைய ராஜாக்களும்தான் வருகிறார்கள். வீட்டில் புழங்குகிற மாதிரி ஒன்று கொடு பார்ப்போம்.

பெயர் வைக்கும் வியாதி எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு என்று உனக்குத் தெரியும். குளியலறைத் தொட்டியின் அடியில் துணி சுற்றிச் செருகுவோமே, அந்தக் கட்டைக்கு 'மடைமூடி' என்று நாமகரணம் செய்தவன் நான்தான். உலகத்தில் அந்தச் சொல்லைப் பேசுகிறவர்கள் மூன்றே பேர். எங்கள் அகராதியில் சேர்க்கச் சொன்னால் அடிக்க வருகிறார்கள்.

மாப்பிள்ளை விஷயமாக ஒன்றே ஒன்று. அந்த 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை விட்டுவைக்காதே.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.
உன் அண்ணன்


மார்ச் 29

அன்புள்ள அண்ணா,

தும்மலுக்குத் தலையில் தைலம் தேய்க்கச் சொல்கிறாள் அம்மா. வழுக்கைக்கு அது சௌகரியம்தான் என்றும் சொல்கிறாள். சாப்பிடுகிறேன். அளவு தெரியாமல் மூன்று பேருக்கு வடித்துவிடுகிறேன், மிச்சத்தை மறுநாள் சாப்பிடுகிறேன். பொய் இல்லை.

உன் உதாரணத்துக்கு ஆள் வீட்டிலேயே இருக்கிறாள். அம்மா இன்று காலை முழுதும் கண்ணாடியைத் தேடினாள். அது அவள் நெற்றியில் இருந்தது. 'அம்மாவின் கண்ணாடிக்குச் சிவப்புச் சட்டம்.' 'அம்மாவின் நெற்றியில் இருக்கும் கண்ணாடிக்குச் சிவப்புச் சட்டம்.' மாற்றிப் போட்டாலும் சரி. ஆனால் 'அம்மா தன் கண்ணாடியைத் தேடுகிறாள்' என்பது உண்மை. 'அம்மா தன் நெற்றியில் இருக்கும் கண்ணாடியைத் தேடுகிறாள்' என்றால் அவளே அடிக்க வருவாள். இது போதுமா?

ஒரே கடிதத்தில் உண்மையை உண்மை, மெய் என்கிறாய். சொல்லைச் சொல், வார்த்தை, பெயர் என்கிறாய். என்னையே மூன்று பெயரில் கூப்பிட்டிருக்கிறாய். உன் பழைய வியாதி போகவில்லை.

மடைமூடி இங்கேயும் ஓடுகிறது. மூன்று பேர் என்றாயே, தப்பு. என் வாயிலிருந்து அவருக்கும் தொற்றிவிட்டது. பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குப் புதிதாக ஒன்று வாங்கப் போய், இரும்புக் கடையில் "மடைமூடி குடுங்க" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் முழித்திருக்கிறார். கடைசியில் விரலை வட்டமாக வைத்துக் காட்டி வாங்கி வந்தார். போன வருஷம் நடந்தது. நான் சிரித்ததில் புரையேறிவிட்டது. இப்போது எழுதும்போது ஒன்றும் ஆகவில்லை. யாரோ சொன்ன கதை மாதிரி இருக்கிறது.

அடுத்த மாதம் விசாரணை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் இயக்கக் குறிப்புப் பக்கத்தை எனக்குக் காட்டுவார்களாம்.

உன் தங்கை


ஏப்ரல் 8

சமர்த்துக்கு,

நலம். தைலம் தேய்த்தேன், தலையணை நாறுகிறது. அம்மாவிடம் இனிமேல் யோசனை சொல்ல வேண்டாம் என்று சொல். உனக்குத் தூக்கம் வருகிறதா?

கண்ணாடி உதாரணத்தைப் படித்துக் காட்டினேன். தலைமைப் பதிப்பாசிரியர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார், யோசித்துப் பார். சங்கதி நீ பிடித்தது போலத்தான். ஒருவர் தேடுகிறார், நினைக்கிறார், நம்புகிறார், வெறுக்கிறார் என்று வந்துவிட்டால் பொருள் ஒன்றாக இருந்து பயனில்லை. அந்த ஆளின் மனசுக்குள் அது எந்தப் பெயரில் இருக்கிறது என்பதுதான் கணக்கு.

விசாரணைக்குப் போகும்போது அந்தக் குறிப்புப் பக்கத்தைக் கட்டாயம் நகல் எடுத்து எனக்கு அனுப்பு. அந்த உலகம் எனக்குத் தெரியும். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் அலைந்த காலத்தில் ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்கு இப்படிக் கத்தை கத்தையாகச் செய்து கொடுத்திருக்கிறேன். தண்ணீர் பம்பு, மாவு மில், ஆஸ்பத்திரிக் கட்டில், என்னென்னவோ. இயந்திரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. படம்கூடத் தர மாட்டார்கள். நடுவிலிருந்து இரண்டு தாள் வரும், சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். எதில் என்ன எழுதினேன் என்று இன்று கேட்டால் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், ஓட்டை எங்கே என்று நான் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன்.

மாப்பிள்ளையின் பெயரைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி இல்லை.

உன் அண்ணன்


மே 4

அன்புள்ள அண்ணா,

நலம். அம்மா நலம். பதில் தாமதம், கடையில் வேலை.

விசாரணைக்குப் போய் வந்தேன். பக்கத்தைக் காட்டினார்கள். நீராவியை வெளியே விடுகிற வால்வு அந்த இயந்திரத்தில் ஒன்றுதான். பின்பக்கம் இருக்கிறது, சுற்றிக்கொண்டு போய்த்தான் பார்க்க வேண்டும். நான்காவது படியில் அதற்கு ஒரு பெயர் போட்டிருக்கிறது. ஏழாவது படியில் அதே வால்வுக்கு வேறு பெயர் போட்டிருக்கிறது. வேற்று மொழியில் இருக்கும் மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே பெயர்தானாம். இரண்டாவது பெயரை அவர் கீழே தண்ணீர் சொட்டும் தட்டின் சின்ன அடைப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அது திறந்துதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

நகல் எடுக்கும் இயந்திரம் பழுது. பிறகு அனுப்புகிறேன்.

உன் தங்கை


மே 10

தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்கவும் கை வரவில்லை. இரண்டு நாளாக ஆபீஸில் ஒரு பதிவும் எழுதவில்லை.

எவன் அவன்? எந்த மடையன் அப்படி எழுதினான்? ஒரே வால்வுக்கு இரண்டு பெயர் வைக்க அது என்ன கவிதையா? உட்கார்ந்த இடத்தில் காகிதத்தைக் கறுப்பாக்கிக் காசு வாங்கிக்கொண்டு போனவனுக்கு, அந்தத் தாளை நம்பி ஒரு மனிதன் நிற்பான் என்று தெரிய வேண்டாமா? அந்த ஆளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் கையை ஒடிப்பேன். அடுத்தவன் மேல் நான் கை வைத்ததில்லை என்று உனக்குத் தெரியும். இவன் மேல் வைப்பேன்.

மொழிபெயர்த்தவனைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்று நீ அதிகாரியிடம் கேள். ஏஜென்சிகளில் பழைய பதிவு இருக்கும், பெயர் கிடைத்துவிடும். அவன் வாயால் ஒப்புக்கொண்டால் மாப்பிள்ளை மேல் ஒட்டிய கறை அன்றோடு போய்விடும்.

நகலை அனுப்பு. இதற்கு மேல் காத்திருக்க என்னால் ஆகாது.

அம்மாவைப் பார்த்துக்கொள். உன்னையும்.
அண்ணன்


ஜூன் 7

அன்புள்ள அண்ணா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கோபம் வந்தால் உனக்கு நெஞ்செரிச்சல் வரும், காபியைக் குறை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பாள். 'ஒண்டிக்கட்டையா இருக்கான், என்னத்த சாப்பிடறானோ' என்பாள்.

கடையில் நேற்று ஒரு பெரியவர் வந்தார். தூரத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறார். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துவிட்டது, ஒன்றாக்கிக் கொடுங்கள் என்றார். ஒன்றாக்கலாம், ஆனால் கோடு தெரியும் என்றேன். பரவாயில்லை என்றார்.

அதிகாரி நல்ல மனுஷர்தான். மொழிபெயர்த்தவரைக் கூப்பிடச் சொல்லிக் குடும்பத்திலிருந்து யாராவது கேட்டால்தான் கூப்பிட முடியுமாம். கேட்காவிட்டால் நிர்வாகம் எழுதியதையே எழுதி முடித்துவிடுவார்கள். அடுத்த அமர்வு வரை எனக்கு யோசிக்க நேரம் கொடுத்திருக்கிறார். யோசிக்கிறேன்.

சும்மா ஒன்று கேட்கிறேன். ஒரே சொல்லை இரண்டு தடவை எழுதினால் என்ன ஆகிவிடும், அண்ணா? ஏன் உன்னால் முடியவே முடியாது?

உன் தங்கை


ஜூன் 15

தங்கைக்கு,

நெஞ்செரிச்சல் இருக்கிறது, காபியும் இருக்கிறது. அம்மாவிடம் நான் வேளாவேளைக்கு உண்கிறேன் என்று சொல்.

உன் கேள்விக்கு விடை எளிது. பள்ளிக்கூடத்தில் என் கட்டுரையில் ஒரு பத்திக்குள் 'அழகான' என்று மூன்று இடத்தில் வந்துவிட்டது. வாத்தியார் எழுந்து நிற்க வைத்து, "வேற சொல் கெடைக்கலியா உனக்கு? பிச்சை எடுத்தாவது கொண்டா" என்றார். வகுப்பே சிரித்தது. அன்று முதல் ஒரு வார்த்தை எழுதினால் அடுத்த வரியில் அதன் தம்பியைத் தேடிப் பிடிக்காமல் பேனா நகராது. அதுதான் இன்று எனக்குச் சோறு போடுகிறது, கேலி செய்யாதே. இதை ஏன் இப்போது கேட்கிறாய்?

நீ யோசிப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யாரைக் காப்பாற்றப் பார்க்கிறாய்? முகம் தெரியாத ஒருவனுக்காக, கட்டின புருஷன் மேல் 'கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிட விடுவாயா? நீ கேட்காவிட்டால் நான் கேட்கிறேன். மனு எழுதி, கையெழுத்துப் போட்டு, விசாரணை அலுவலகத்துக்கு இன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நானும் குடும்பம்தானே.

கோபமாக எழுதியதற்கு மன்னித்துவிடு. உன்மேல் இல்லை.
உன் அண்ணன்


ஜூலை 2

அன்புள்ள அண்ணா,

நெஞ்செரிச்சல் எப்படி இருக்கிறது? இந்தக் கடிதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் படி. இங்கே அம்மா நலம். அவளுக்கு எதுவும் தெரியாது.

அமர்வு முடிந்தது. அதிகாரியின் மேஜையில் உன் மனு மேலாக இருந்தது. உன் அழகான கையெழுத்து. "உங்க அண்ணன் கேட்டிருக்கார். நீங்களும் கேக்கறீங்களா?" என்றார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். பிறகு "கேக்கறேன்" என்றேன். அவருக்காகக் கேட்டேன், அண்ணா. நீ சொன்னதற்காக இல்லை. ஏஜென்சியிலிருந்து பெயர் ஏற்கனவே வந்துவிட்டதாம், ஆனால் அதிகாரி இன்னும் உறையைப் பிரிக்கவில்லை. என்னிடம் பிரித்துக் காட்டட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். அழைப்பாணை கிளம்பும். அதற்கு முன் என் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்று விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நகல் இதோடு இருக்கிறது. முதல் நாளே எடுத்துவிட்டேன். இயந்திரம் பழுது என்றது பொய். நான்காவது படியில் 'கழிவு வால்வு' என்று இருக்கும். ஏழாவது படியில், 'மடைமூடி திறந்திருப்பதை உறுதி செய்த பின்னரே கதவின் பிடியைத் திருப்பவும்' என்று இருக்கும்.

அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் அதிகாரியின் அறையில் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நினைவிருக்கிறது. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ஃபோர்மேன் சொன்னது. மற்ற ஆட்களுக்கு அந்தச் சொல் புரியவில்லையாம். ஏழாவது படி வந்தால் எவனாக இருந்தாலும் ஃபோர்மேனைக் கூப்பிட்டுக் கேட்பானாம், அல்லது சுற்றிப் போய் எல்லாவற்றையும் பார்ப்பானாம். இவர் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லையாம். "அதெல்லாம் எனக்குத் தெரியும், எங்க வீட்டுல பேசற சொல்தான்" என்பாராம். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது நான். நீ எழுதினாய், நான் அர்த்தம் சொன்னேன்.

நீ உதாரணம் கேட்டாய் அல்லவா. இன்னொன்று தருகிறேன். 'என் அண்ணன் அந்த மொழிபெயர்ப்பாளனின் கையை ஒடிக்க வேண்டும் என்கிறான்.' எதை எடுத்துவிட்டு எதை வைக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு.
உன் தங்கை


ஆகஸ்ட் 21

தங்கைக்கு,

நீ நலமா? அம்மா நலமா? என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதம் வந்து வெகு நாளாகிறது. எழுத உட்காருவேன். எழுத வராது. இந்தக் கடிதத்தில் ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் வரும். அப்படி எழுதப் பழகுகிறேன்.

நீராவியை வெளியேற்றும் வால்வு ஒன்று. மூலத்தில் நான்காவது படியில் வால்வு. ஏழாவது படியிலும் வால்வு. நான் நான்காவது படியில் வால்வு என்று எழுதினேன். ஏழாவது படியில் வால்வு என்று எழுதவில்லை. அன்று அதை எழுதிய மேஜை நினைவில்லை, மத்தியானமா சாயங்காலமா என்று நினைவில்லை. அந்தச் சொல் கிடைத்தபோது சந்தோஷப்பட்டிருப்பேன். அது மட்டும் நிச்சயம்.

உன் ஊருக்கு வந்தேன். விசாரணைக்கு. அதிகாரி இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நான் அனுப்பிய மனு. மற்றது ஏஜென்சி அனுப்பிய பழைய ரசீது. இரண்டிலும் ஒரே கையெழுத்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மனுதாரர் யாரு?" என்றார்.

"நான்."

"மொழிபெயர்த்தவர்?"

"நான்."

அவருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். முள் பழுதாக இருந்ததையும் நிர்வாகத்தின் மேல் எழுதியிருக்கிறார். 'தொழிலாளி குறிப்பில் உள்ளபடியே நடந்துகொண்டார்' என்று தீர்ப்பில் வரும். கவனக்குறைவு என்ற சொல் வராது. கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பிறகு பஸ் ஏறினேன். பஸ் உன் கடை வழியாகத்தான் போனது. சிக்னலில் நின்றது. நீ ஒருவருக்குக் கண்ணாடி மாட்டி, காதுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டிருந்தாய். நீ மெலிந்திருக்கிறாய். நான் இறங்கவில்லை.

அகராதியில் அந்தப் பதிவுக்கு அம்மாவின் கண்ணாடியையே உதாரணமாக வைத்தேன். உன் இரண்டாவது உதாரணத்தை வைக்கவில்லை.

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.
அண்ணன்


செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணா,

நலமா? இருமல் மறுபடி வந்திருக்கும், மழைக்காலம். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தீர்ப்பு வந்துவிட்டது. படித்துப் பார்த்தேன். அவர் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் இல்லை.

நேற்று ஒன்று நடந்தது. பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை, ரப்பர் தேய்ந்துவிட்டது. இரும்புக் கடைக்குப் போனேன். என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் விரலை வட்டமாக வைத்துக் காட்டினேன். கடைக்காரர் உள்ளே திரும்பி, வேலை செய்கிற பெண்ணிடம், "அம்மாவுக்கு ஒரு மடைமூடி எடு" என்றார். அந்தப் பெண்ணும் சட்டென்று எடுத்துக்கொண்டு வந்தாள். போன வருஷம் அவர்தான் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கடை முழுக்க அப்படித்தான் சொல்கிறார்களாம். அங்கேயே, ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன். இத்தனை மாதத்தில் வராதது அங்கே வந்தது. கடைக்காரர் பயந்துபோய் ஸ்டூல் போட்டார். காசு வாங்க மறந்துவிட்டார், நானும் கொடுக்க மறந்துவிட்டேன். இன்று போய்க் கொடுத்தேன்.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்தப் பக்கத்தை மொழிபெயர்த்தவனை என்னால் மன்னிக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன், வரவில்லை. என் அண்ணன் வந்தால் கதவைத் திறப்பேன். அவனுக்குச் சோறு போடுவேன், எப்படியும் மூன்று பேருக்குத்தான் வடிக்கிறேன். இரண்டும் உண்மை, அண்ணா. ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைக்காதே.

அடுத்த முறை பஸ் சிக்னலில் நின்றால் இறங்கிவிடு. நீ எப்போது வருகிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் தங்கை